டார்ச் லைட் அட்டையில் பத்தாவது நிமிட வெளிச்சத்தையும் அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் பாரிமுனை நடைபாதைகளிலும் பழைய வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவிலும் சட்டைப்பையில் அடங்கும் சிறிய டார்ச் லைட்டுகள் குவிந்துவிடும். அட்டையில் ஆயிரம் லுமென், இரண்டாயிரம் லுமென் (லுமென் என்பது வெளிச்சத்தின் அலகு) என்று போட்டிருக்கும். வாங்குபவர் பொத்தானை அழுத்தி உள்ளங்கையில் அடித்துப் பார்த்து, கண் கூசினால் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அந்த இரண்டு நொடி கூச்சத்துக்காகவே இவற்றில் பல செய்யப்படுகின்றன என்பதை, மின்பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மலிவான டார்ச்சில் உள்ள ஐந்து மில்லிமீட்டர் வெள்ளை எல்இடி பொதுவாக 20 மில்லியாம்பியர் மின்னோட்டத்துக்கென்று செய்யப்பட்டது. அதற்கு 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். மூன்று ஏஏஏ செல்களை வரிசையாகப் போட்டால் 4.5 வோல்ட் வருகிறது. மிகுதியைத் தாங்க, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்றை வைக்க வேண்டும். மிக அற்பச் செலவில் முடியும் அந்த வேலையைப் பல தயாரிப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள். அப்போது செல்லின் உள்தடை ஒன்றுதான் மின்னோட்டத்துக்குக் கடிவாளம். சாதாரண கார்பன் செல்லுக்கு உள்தடை அதிகம் என்பதால் எல்இடி ஓரளவு பிழைத்துக்கொள்ளும். நல்லதாகப் போடுவோம் என்று விலை கூடிய அல்கலைன் செல்லை வாங்கிப் போடுகிறவரின் டார்ச்தான், குறித்த அளவைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும் இழுத்துச் சீக்கிரம் கெடுகிறது. ஒன்பது எல்இடிகளைத் தனித்தனி ரெசிஸ்டர் இல்லாமல் பக்க இணைப்பில் (பேரலலாக) கோத்திருந்தால் இன்னும் மோசம்: சற்றுக் குறைந்த வோல்ட்டேஜிலேயே கடத்தத் தொடங்கும் எல்இடி மற்றவற்றின் பங்கையும் இழுத்துக்கொண்டு முதலில் போய்விடும்.

வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல ஒளி தரும் சில்லின் (சிப்) மேல், ஒளியின் நிறத்தை மாற்றும் மஞ்சள் பாஸ்பர் பூசியது. தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால் வெளிச்சம் நீலம் பாய்ந்து தெரியும். சூட்டில் பாஸ்பரும் மேலிருக்கும் எபாக்சி என்ற பிசின் உறையும் நாளடைவில் கெடும். பழைய மூன்று கட்டை டார்ச்சில் செல் தீரும்போது பல்ப் செம்மஞ்சளாக மங்கி நம்மை எச்சரித்தது. இப்போது எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டிய நீல நிறத்தையே மக்கள் ‘பவர்’ என்று எண்ணி விரும்பி வாங்குகிறார்கள்.

இத்தனை வதைத்தும் கிடைக்கும் லாபம் சொற்பம். மின்னோட்டத்தை இருமடங்காக்கினால் எல்இடியின் வெளிச்சம் இருமடங்காவதில்லை. எஞ்சியது சூடாகப் போகிறது. நம் கண்ணும் கணக்காகப் பார்ப்பதில்லை. இருமடங்கு வெளிச்சம் என்று தோன்றவே ஏறத்தாழ நான்கு மடங்கு லுமென் வேண்டும். ஆகவே மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைத்த டார்ச்சை வாங்குபவர் கவனிக்கக்கூட மாட்டார். செல்லோ இருமடங்கு நேரம் உழைக்கும்.

சார்ஜ் செய்யும் விலை உயர்ந்த டார்ச்சுகளில் கதை வேறு. சிறிய உடலால் சூட்டை வெளியேற்ற இயலாது என்பதால், உள்ளிருக்கும் சுற்றே சில நிமிடங்களில் வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துவிடுகிறது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அட்டையில் இருப்பது குறைவதற்கு முந்தைய எண். 2009இல் அமெரிக்காவில் வந்த எஃப்எல்1 தரநிலைகூட, பொத்தானை அழுத்திய அரை நிமிடத்துக்குப் பிறகு அளந்த லுமெனை அச்சிட அனுமதிக்கிறது. எரியும் நேரத்தையோ வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் வரை கணக்கிடுகிறது. உலோக உடல் கையில் வெதுவெதுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், சூடு வெளியே வருகிறது என்று பொருள். பிளாஸ்டிக் உடல் சில்லென்று இருக்க வெளிச்சம் மட்டும் சரிவதுதான் கவலைக்குரியது.

‘9900 எம்ஏஎச்’ (செல்லின் மின் கொள்ளளவைக் குறிக்கும் எண்) என்று உறை போட்ட, 18650 என்ற அளவிலான லித்தியம் செல்களைப் பற்றி ஒரு வரி போதும்: அந்த அளவிலான நல்ல செல்லில் அடங்குவதே ஏறத்தாழ 3,500தான். லித்தியம் செல்களுக்கு ஐஎஸ் 16046 தரத்தின்கீழ் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். பதிவெண் இல்லாத செல்லை வீட்டில் சார்ஜுக்குப் போடாமல் இருப்பது நல்லது.

நமக்கு உண்மையில் தேவைப்படுவது எது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய இரவுகளில் சமையலறைக்கும் மாடிப்படிக்கும் இருபது, முப்பது லுமென் விடியும்வரை நின்றால் போதும். ஆயிரம் லுமென் மூன்று நிமிடம் எரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. காசிமேட்டிலிருந்து இரவில் கடலுக்குப் போகிறவர்களுக்கு மிதமிஞ்சிய வெளிச்சம் இடைஞ்சலும்கூட. வலையின் முடிச்சைப் பார்க்க ஒருமுறை அடித்தால், இருட்டுக்குப் பழகிய கண் முழுமையாக மீள இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும்.

நடைபாதை வியாபாரிகளைக் குறைகூறிப் பயனில்லை. மொத்தமாக வருவதை அவர்கள் விற்கிறார்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகள் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, அதிகபட்ச விலை போன்றவற்றைக் கேட்கின்றன; இதுவே அட்டையில் இல்லாத டார்ச்சுகள் தாராளமாக விற்பனையாகின்றன. முதலில் அதைத் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் பார்க்கட்டும். அடுத்து, வீட்டு எல்இடி பல்பின் அட்டையில் வாட்டும் லுமெனும் இருப்பதுபோல, டார்ச் அட்டையில் முதல் நிமிட லுமெனுக்குப் பக்கத்திலேயே பத்தாவது நிமிட லுமெனையும், அந்த வெளிச்சம் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட மத்திய நுகர்வோர் விவகாரத் துறை விதி செய்ய வேண்டும். அதுவரை, அட்டையில் பொய்யான எண் இருப்பதாகக் கருதும் வாசகர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ரசீது கேட்டு வாங்கியிருந்தால் புகாருக்கு வலு இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணியாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81