ஒரே கோடையில் நடந்தவை: வர்ஜீனியாவின் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நான்காம் வகுப்பில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். நம் பள்ளி மாவட்டத்தின் வரலாற்றுப் பாடம் குறித்துப் பெற்றோரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அடுத்த மாதம் நடக்கவிருக்கிறது. அதைப் பற்றி நம் வாட்ஸாப் குழுவில் வந்த பதில்களில் பெரும்பாலானவை, கணக்கையும் அறிவியலையும் கூட்டச் சொன்னால் போதும், இந்த ஊர்ப் பழங்கதை நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்ற தொனியிலேயே இருந்தன. அதை மறுப்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் மகள் வீட்டுக்குக் கொண்டுவந்த பயிற்சித்தாள் ஒன்றில் இடப்பக்கம் ஆண்டுகளும் வலப்பக்கம் நிகழ்வுகளும் இருந்தன. கோடு போட்டுப் பொருத்த வேண்டும். 1607க்கு ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் அமைத்த ஜேம்ஸ்டவுன் குடியேற்றம். 1619க்கு மட்டும் இரண்டு கோடுகள்: ஒன்று முதல் சட்டமன்றத்துக்கு, மற்றொன்று ஆப்பிரிக்கர்களின் வருகைக்கு. முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். அவர்கள் எப்படி வந்தார்கள், யார் அழைத்துவந்தார்கள் என்று கேட்டேன். "வந்தாங்கம்மா, அவ்வளவுதான்" என்றாள்.

அந்த 'வந்தாங்க' என்ற சொல்லில்தான் என் மனக்குறை எல்லாம் அடங்கியிருக்கிறது. 1619 ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் 22 பிரதிநிதிகள் கூடினார்கள்; புகையிலைக்கு விலை வைத்தார்கள்; கூட்டத்தின் நடுவிலேயே ஒருவர் இறந்துபோக, வெக்கையும் நோயும் வாட்டியதால் ஆறே நாளில் முடித்துக்கொண்டு கலைந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டின் பிற்பகுதியில், ஜேம்ஸ் ஆறு கடலோடு சேரும் முகத்திலிருக்கும் பாயின்ட் கம்ஃபர்ட்டுக்கு ஒயிட் லயன் என்ற கப்பல் வந்து சேர்ந்தது. அங்கோலாவில் பிடிக்கப்பட்டு, மெக்சிகோவின் வேராகுரூஸ் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட வழியில் போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றிலிருந்து பறிக்கப்பட்ட இருபத்துச் சொச்சம் பேர் அதில் இருந்தார்கள். உணவுப்பொருளைக் கொடுத்து அவர்களை வாங்கியவர்களில் ஒருவர் ஆளுநர் ஜார்ஜ் யார்ட்லி. நான்கு வாரங்களுக்கு முன்பு அந்தச் சட்டமன்றத்தைக் கூட்டியவரும் அவரே. இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட்டால் பயிற்சித்தாளின் இரண்டு கோடுகளும் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்துவிடும். சொல்லாமல் விட்டால் அவை இரண்டு மதிப்பெண்களாகவே நின்றுவிடும்.

கப்பல் வந்ததைக் கடிதத்தில் எழுதிவைத்தவர் ஜான் ரால்ஃப். நம் பிள்ளைகள் கார்ட்டூனில் பார்த்து ரசிக்கும் பூர்வகுடிப் பெண் போகஹான்டஸை 1614இல் மணந்தவர் அவர்தான். அதற்கு முந்தைய ஆண்டில் ஆங்கிலேயர் அந்தப் பெண்ணைக் கடத்திச் சிறைவைத்திருந்தார்கள் என்பதைக் கார்ட்டூன் சொல்லாது. பாடமாவது சொல்ல வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் கனமான விஷயம் இல்லையா என்று குழுவில் ஒரு தாய் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கொடுமைகளை வரிசையாக அடுக்கிக் குழந்தையை அச்சுறுத்த வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. 1625இல் குடியேற்றத்தில் வீடு வீடாக எடுத்த கணக்கு ஒன்று இன்றும் இருக்கிறது: யார் வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு சோளம், எத்தனை துப்பாக்கி என்று. அதில் வில்லியம் பியர்ஸ் என்பவரின் வீட்டில் ஏஞ்சலோ என்று ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயரும், அவர் வந்த டிரெஷரர் என்ற கப்பலின் பெயரும் இருக்கின்றன. ஒரே வரி. அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இவருக்குப் பெற்றோர் வைத்த பெயரும் இதுதானா, பட்டியலை எழுதியவர் எவற்றையெல்லாம் கேட்காமல் விட்டார் என்று கேட்டால், பத்து வயதுப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகவே பதில் தேடுவார்கள். வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டே சொல்கிறேன்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்களுக்கு ஒன்று. கடல் கடந்து ஓர் ஆளைக் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர் என்பது அன்றைய வர்ஜீனியாவின் வழக்கம். அப்படி நிலம் பெற்ற ஜார்ஜ் மெனிஃபி என்பவரின் 1635ஆம் ஆண்டுப் பட்டாவில், கொண்டுவரப்பட்டவர்களுள் ஒருவராக 'டோனி, கிழக்கிந்தியர்' என்று இருக்கிறது. எந்த ஊர், என்ன மொழி என்று பட்டா சொல்லவில்லை. அவரைச் சோழமண்டலக் கரையில் பிறந்தவராக்கிவிடும் ஆசை எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால், நம்மவர்கள் மென்பொருளோடு வந்து இறங்கிய நாளிலிருந்துதான் இந்த மண்ணில் நமக்குக் கணக்குத் தொடங்குகிறது என்று எண்ணுவோர் அந்தப் பட்டாவை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஜூலையையும் ஆகஸ்டையும் ஒரே வகுப்பில், ஒரே பாடமாக நடத்த வேண்டும். 'வந்தார்கள்' என்பதைக் 'கொண்டுவரப்பட்டார்கள்' என்று திருத்த வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூலஆவணங்களையாவது பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம்தான் தருவார்கள் என்பதால் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஏஞ்சலோவின் பெயருள்ள பக்கத்தைப் படியெடுத்து நான் கொண்டுவருகிறேன். பட்டாவைப் பற்றிப் பேச முன்வருபவர் குழுவில் தெரிவித்தால் அதன் படியையும் எடுத்துவைப்பேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பை இப்போதுதான் முடித்த ஒரு மாணவியின் தாய்