சனசமூக நிலையங்களில் கூட்டு விளையாட்டுக்கும் ஒரு மேசை வேண்டும்

ஆசிரியருக்கு,

31 வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த மகளின் பிள்ளைகள் ஒரு பெட்டி கொண்டுவந்தார்கள். 'குளூம்ஹேவன்: ஜோஸ் ஒஃப் த லயன்' என்ற மேசை விளையாட்டு, 2020இல் வெளிவந்தது. நாலு வீரர்கள், 25 கதைக்கட்டங்கள். நிலவறைகளிலும் சந்துகளிலும் அரக்கர்களோடு மோத வேண்டும். விளையாடுபவர்கள் எல்லாரும் ஒரே பக்கம். அரக்கர்கள் என்ன செய்வார்கள் என்பதை அவர்களுக்கென்று இருக்கும் காட்ஸ் கட்டுச் சொல்லிவிடும். வென்றால் எல்லாரும் வென்றார்கள், தோற்றால் எல்லாரும்தான்.

சின்னப்பிள்ளைச் சாமான் என்று நினைத்தேன். ஒரு கட்டம் ஆடியதும் அந்த எண்ணம் போய்விட்டது. தாயக்கட்டை உருட்டுவது கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு காட்ஸ் எடுத்து, ஒன்றின் மேற்பாதியையும் மற்றதன் கீழ்ப்பாதியையும் செய்ய வேண்டும். ஆடி முடிந்த காட்ஸைத் திரும்ப எடுக்க ஓய்வெடுக்க வேண்டும்; ஓய்வெடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒன்று போய்விடும். பத்து காட்ஸோடு தொடங்குபவர் குறுகிய ஓய்வு (அதற்கென்று ஒரு சுற்றை விடத் தேவையில்லாதது) மட்டும் எடுத்தால் 25 சுற்றுத் தாக்குப்பிடிக்கலாம் என்று கொப்பியில் கணக்குப் போட்டேன். பலமான காட்ஸைப் பாவித்தால் அவை அப்படியே போய்விடும், சுற்று இன்னும் குறையும். எதை எப்போது செலவழிப்பது என்பதுதான் முழு விளையாட்டும்.

எங்கள் ஐயா விறாந்தையில் 304 என்ற காட்ஸ் ஆட்டம் ஆடுவார். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று கூட்டப் பழகியது அங்கேதான். எதிரே இருக்கும் கூட்டாளிக்குக் கையில் இருப்பதை வாய் திறந்து சொல்லக்கூடாது. இங்கேயும் அதே மாதிரி: 'நான் முந்திப் போவேன்' என்று சொல்லலாம், யார் முந்துவது என்று காட்ஸில் போட்டிருக்கும் இலக்கத்தைச் சொல்லக்கூடாது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டோம். சாதாரண தரம் எழுதிவிட்டு இருப்பவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள். ஆங்கிலத்துக்குப் பயந்தாள். நகர், தாக்கு, காப்பு, குணமாக்கு என்று அவளுடைய காட்ஸ் முழுவதையும் ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் என் பேரனைப் பார்த்து, "நீ கதவை மறிச்சு நில், நான் பின்னால வாறன்" என்று சத்தமாகச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தொடங்கி ஒருவரையொருவர் முந்தவே பழகுகிறார்கள். சனசமூக நிலையங்களில் கரம் போட் இருக்கிறது, பத்திரிகை மேசை இருக்கிறது. சேர்ந்து யோசிக்கும் இப்படி ஒரு விளையாட்டும் இருக்கட்டும். விலை கூடத்தான். இரண்டு மூன்று நிலையங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைத்திருக்கலாம். வெளிநாட்டு உறவுகளிடம் சொக்லேட்டுக்குப் பதிலாக இதைக் கொண்டுவரச் சொல்லலாம். அப்புறம், படம் கீறத் தெரிந்த இளைஞர்கள் நமக்கென்று ஒன்று செய்யவும் வேண்டும். நிலாவரைக் கிணற்றுக்கு அடியால் கீரிமலைக்கு வழி உண்டு என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இறங்குவதற்கு வேறு நிலவறை எதற்கு?

மகள் பெட்டியை என்னிடமே விட்டுப் போயிருக்கிறாள். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஊர் நிலையத்துக்குக் கொண்டுவந்து சொல்லித்தர நான் தயார். கொப்பியை யாரும் பிரதி எடுக்கலாம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கொக்குவில்.