உங்கள் மண் அறிக்கையை எங்களுக்கும் காட்டுங்கள்: வால்பாறைத் தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களை நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

உடுமலைக்குக் கிழக்கே பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்ட (பி.ஏ.பி.) வாய்க்காலை நம்பித் தென்னையும் மக்காச்சோளமும் வைத்திருக்கும் விவசாயி நான். உங்கள் மலையில் பெய்து நீராற்றிலும் சோலையாற்றிலும் சேரும் மழைத்தண்ணீர் பரம்பிக்குளம் சுற்றித் திருமூர்த்தி அணைக்கு வருகிறது. அங்கிருந்து நாலு மண்டலமாக முறைவைத்து எங்களுக்குத் திறக்கிறார்கள். அந்த உரிமையில்தான் உங்கள் சரிவு மண்ணைப் பற்றிக் கேட்கிறேன்.

அங்கே தேயிலை நட்டு நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நாங்கள் ஒரு போகம் சோளம், அடுத்த போகம் உளுந்து என்று மாற்றிப் போடுவோம். உங்களுக்கு அந்த வசதி இல்லை. கொழுந்து பறிக்கப் பறிக்கத் தழைச்சத்து (நைட்ரஜன்) வெளியே போகிறது. 100 கிலோ தேயிலைத் தூளில் சுமார் 4 கிலோ தழைச்சத்து இருக்கும். அதை ஈடுகட்ட யூரியாவோ அமோனியம் சல்பேட்டோ போட்டாக வேண்டும். சிக்கல் அங்கேதான். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இந்த உரத்தை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. செடி எடுத்தது போக மிஞ்சிய நைட்ரேட், மழையில் இறங்கும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. அமிலம் மண்ணிலேயே நின்றுவிடுகிறது. சின்னக்கல்லாறு மாதிரி மழை கொட்டும் இடத்தில் இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும், சரி. புளிப்பைக் காட்டும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; 4.5 முதல் 5.5 வரை தேயிலைக்கு ஏற்றது. 5-க்குக் கீழே இறங்க இறங்க மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து செடிகளின் வேர்களைத் தாக்கும். தேயிலை அதைத் தாங்கிக்கொண்டு முற்றிய இலைகளில் சேர்த்து வைக்கும். மற்ற செடிகளுக்கு அந்தத் தெம்பு கிடையாது. போடுகிற மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) அலுமினியமும் இரும்பும் கட்டிப் போட்டுவிடும். மண்புழுவும் குறைந்துபோகும். எங்கள் பக்கம் நேர் எதிர்: சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் மண், பி.எச். 8-ஐத் தாண்டும், இரும்புச்சத்து கிடைக்காமல் பயிர் வெளுக்கும். மண் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் மீட்பது எவ்வளவு பாடு என்று அதனாலேயே தெரியும்.

நியாயமாகப் பார்த்தால் தேயிலை மோசமான பயிரும் இல்லை. செடிகள் நெருங்கி மூடிவிட்டால் மழைத்துளி நேராக மண்ணில் விழாது. நீலகிரியில் செங்குத்துச் சரிவில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுவதோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவோ மேல். மண் அதிகம் கரைவது புதுக்கன்று நட்ட சில வருடங்களிலும், செடியை வெட்டிவிடும் கவாத்து முடிந்து தரை வெறுமையாகக் கிடக்கும்போதும்தான். ஆள் கிடைக்கவில்லை என்று களைக்கொல்லி அடித்துத் தரையைத் துடைத்து வைப்பதும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கவாத்து விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை வெட்டும் கிளையும் இலையும் அந்தச் சரிவிலேயே கிடந்து மக்கினால் கரிமச்சத்து திரும்பும், சாம்பல்சத்து (பொட்டாசியம்) திரும்பும், தரையும் மூடும். ஆனால் அது அடுப்புக்குப் போகிறது. தொழிலாளர்களைக் குறை சொல்லவில்லை; லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு விறகு வேண்டும். கேஸ் சிலிண்டர் செலவைத் தோட்டமே ஏற்றுக்கொண்டு கவாத்துக் கழிவைத் தேயிலைக் காட்டிலேயே விடட்டும். உரச் செலவோடு கணக்குப் போட்டால் இது தர்மக் காரியமாக இருக்காது, ஆதாயமாகத்தான் இருக்கும்.

கவாத்தை ஒட்டி டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைக் கல்தூளைப் போட்டுப் புளிப்பைக் குறைப்பது உங்களுக்குப் பழகிய வழிதான். தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் வால்பாறையிலேயே இருக்கிறது, ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. விலை இறங்கிய வருடத்தில் முதலில் வெட்டுப்படுவது டோலமைட்டாக இருக்கக் கூடாது என்பதே என் கவலை. ஜூன், ஜூலை அடைமழையில் உரம் போடாதீர்கள். ஓடைக்கரையில் தேயிலையை ஒதுக்கி, சோலை மரங்களும் புதரும் ஒரு பட்டையாக நிற்க இடம் விடுங்கள். வண்டலும் உரமும் தண்ணீரில் சேராமல் அது பெருமளவு தடுக்கும்.

இனி, முக்கியமாகக் கேட்க வந்தது. 2015-இலிருந்து எங்களுக்கு அரசு மண்வள அட்டை தருகிறது. என் தோட்டத்து அட்டையை யார் கேட்டாலும் காட்டுவேன். உங்கள் தோட்டங்களிலும் மண் பரிசோதனை நடக்கிறது, ஆனால் முடிவு ஆபீஸ் பீரோவைத் தாண்டி வருவதில்லை. ஒவ்வொரு கவாத்துச் சுற்றிலும் பி.எச்., கரிமச்சத்து, தேயிலை இலையில் வரும் கொப்புள நோய்க்கு அடித்த மருந்தால் மேல்மண்ணில் சேர்ந்த தாமிரம் ஆகியவற்றைத் தேயிலைக் காடு வாரியாகப் பார்த்து வெளியிடுங்கள். மேல்மண்ணோடு நிறுத்தாமல் அடிமண்ணின் புளிப்பையும் பாருங்கள். மேலே போட்ட டோலமைட் கீழே இறங்கச் சுணங்கும். பழைய அறிக்கைகள் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள், எந்தப் பக்கம் போகிறோம் என்று அப்போதுதான் தெரியும்.

முடிவுகளின் ஒரு பிரதியைப் பாசன சங்கங்களுக்கு அனுப்பினால் போதும். தமிழில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பி.ஏ.பி. பாசன விவசாயி ஒருவர்