வட்டியில் வெட்டும் 10 வீதம்: படிவத்தை யார் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். தனியார் ஆலை ஒன்றில் 31 வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். பென்சன் கிடையாது. சம்பளத்தில் பிடித்த 8 வீதமும் முதலாளி போட்ட 12 வீதமுமாகச் சேர்ந்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசில் 20 இலட்சத்தை நிலையான வைப்பில், 8 வீத வட்டிக்குப் போட்டேன். எனக்கும் மனைவிக்கும் அரிசி, மருந்து எல்லாம் அந்த வட்டியில்தான்.

2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் பிடிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. மாதம் 1,300 ரூபாய்க்கு மேல் போகிறது. வங்கியில் கேட்டால், "அரசாங்கச் சட்டம் ஐயா, எல்லாருக்கும்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அது முழு உண்மை இல்லை. வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர், பணம் போட்ட வங்கியிலேயே சுய பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் இந்த வரியைப் பிடிக்க மாட்டார்கள். என் வட்டியோடு வயல் குத்தகையைச் சேர்த்தாலும் 3 இலட்சம் தேறாது! இதை எனக்குச் சொன்னது வங்கி இல்லை, லீவில் வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளை.

சரி என்று போய்ப் படிவத்தைக் கேட்டு வாங்கினால் எல்லாம் ஆங்கிலம். கணக்கெழுதிய நானே இரண்டு தரம் வாசித்தேன். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்து, கணவன் விட்டுப்போன காசை வைப்பில் போட்டு வைத்திருக்கும் அம்மாமார் எங்கள் ஊரில் எத்தனை பேர், அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

அதற்குள் பத்து மாதக் காசு, 13,000 ரூபாய்க்கு மேல், போய்விட்டது. அது தானாகத் திரும்பி வராது. ரின் இலக்கம் (வரி செலுத்துபவரின் அடையாள இலக்கம்) எடுத்து, வருமான வரி விவரத்திரட்டில் வட்டியையும் பிடித்த வரியையும் காட்டி, மீளத் தரும்படி கேட்க வேண்டும். மார்ச் 31இல் முடியும் வருடத்துக்கு நவம்பர் 30 கடைசி நாள்.

வைப்புத் தொடங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் தமிழ்ப் படிவத்தை வங்கிக்காரரே எடுத்து முன்னால் வைக்கட்டும். அப்புறம், உள்நாட்டு இறைவரித் திணைக்கள அலுவலர்கள் நவம்பருக்கு முன் ஒரு நாளாவது ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் வந்து, வயதானவர்களுக்கு ரின் இலக்கமும் எடுத்துக் கொடுத்து விவரத்திரட்டையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். வங்கிச் சிட்டைகளோடு முதல் ஆளாக நான் வந்து நிற்பேன்.

ஓய்வுபெற்ற கணக்கெழுதுநர்,
களுவாஞ்சிகுடி