ஈரலில் பார்த்ததை எங்களுக்கும் சொல்லுங்கள்

இறைச்சிக்கூடங்களில் பரிசோதனை செய்யும் கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம். மேய்ச்சல் நிலத்தில் பன்றி வளர்ப்பவன் நான். உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் பன்றிகளின் ஈரலில் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்தால், அதை வெட்டி ஒதுக்குவதோடு விட்டுவிடாமல் எங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எனக்கே இது தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒருமுறை பன்றிகளைக் கொண்டுபோய் விட்டபோது ஒரு ஈரலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கருஞ்சிவப்பின் மேல் பால் சிந்திக் காய்ந்தது போலத் திட்டுத் திட்டாக வெள்ளை. சில நகக்கண் அளவு இருந்தன. விரலால் தேய்த்தேன், போகவில்லை. அங்கே நின்றவர், "உங்க பன்றிக்கு எப்பவுமே இப்படித்தானே" என்றார். எப்போதுமே! பன்றிகள் ஏன் இரவில் இருமுகின்றன, ஏன் தின்ற தீனிக்கு எடை ஏறவில்லை என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் பதில் அந்தக் கழிவுத் தொட்டியில் கிடந்திருக்கிறது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பன்றி விழுங்கும் உருளைப்புழு முட்டை குடலில் பொரிந்து, இளம்புழு ஈரலைத் துளைத்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து இருமலோடு தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுக் குடலுக்கே வந்து சேர்கிறது. ஈரலில் அது நடந்த வழியின் தழும்புதான் அந்த வெள்ளை. புதிதாகத் தொற்று இல்லையென்றால் பெரும்பாலும் 5, 6 வாரத்தில் ஆறிவிடும். அதாவது ஈரல் சொல்வது பழங்கதை இல்லை, போன மாதத்துச் செய்தி.

சாணத்தில் புழு முட்டை தேடும் பரிசோதனை இருக்கிறதே என்பீர்கள். செய்கிறோம். ஆனால் முட்டை விழுங்கியதிலிருந்து புழு முதிர்ந்து முட்டையிட 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்குள் ஈரலும் நுரையீரலும் பட வேண்டியதைப் பட்டுவிடும். மற்ற பன்றியின் சாணத்தைத் தின்ற பன்றிக்கு அந்த முட்டைகள் அப்படியே வெளியே வந்து, இல்லாத புழுவை இருப்பதாகவும் காட்டும். ஈரலும் முழு சாட்சி இல்லைதான். தொடர்ந்து முட்டை விழுங்கும் பன்றியின் குடலே நாளடைவில் இளம்புழுவைத் தடுக்கத் தொடங்கும், திட்டுகள் குறையும். அதனால் திட்டு இல்லை என்பதை வைத்துப் புழு இல்லை என்று சொல்ல மாட்டேன். திட்டு இருந்தால் பெரும்பாலும் உருளைப்புழுதான்.

இந்தத் தகவலை வைத்து நான் என்ன செய்வேன்? நிலத்தைப் பற்றி முடிவெடுப்பேன். ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் முட்டையிடும். கெட்டி ஓடு, ஒட்டும் தன்மை. வெயிலும் வறட்சியும் மேலே கிடப்பவற்றைக் கொல்லும். ஆனால் பன்றி சும்மா இருக்குமா? மூக்கால் கிளறிக் கிளறி முட்டைகளை மண்ணுக்குள் புதைத்துவிடும். எதற்காக அதை வெளியில் விட்டோமோ அந்தக் குணமே புழுவுக்குக் குடை பிடிக்கிறது. உள்ளே போனது பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். பன்றியின் குடலில் வாழும் இன்னொரு புழுவான சாட்டைப்புழுவின் முட்டையும் அப்படித்தான். ஓராண்டு காலியாகப் போட்டால் நிலம் சுத்தமாகிவிடும் என்று நம்பித்தான் நானும் பழைய அடைப்புக்கே குட்டிகளைத் திருப்பி விட்டேன். அது தவறு. ஐவர்மெக்டின் என்ற புழுமருந்து போட்டோமே என்றால், அது சாட்டைப்புழுவிடம் அவ்வளவாக எடுபடாது. ஃபென்பெண்டசோல் என்ற இன்னொரு மருந்தைத் தீனியில் பல நாள் தர வேண்டியிருக்கும். எந்த மருந்து கொடுத்தாலும் அதே மண்ணில் விட்டால் மறுநாளே முட்டையை விழுங்கத் தொடங்கிவிடும்.

1920களில் அமெரிக்காவின் மெக்லீன் கவுண்டியில் இதற்கு ஒரு முறை கண்டார்கள். ஈனுவதற்கு முன் தாய்ப்பன்றியின் மடியைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், குட்டி முதல் பாலோடு முட்டையை நக்கிவிடக் கூடாதென்று. பிறகு குட்டிகளையும் தாயையும் புது மேய்ச்சலுக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பழைய முற்றத்தின் வழியே நடத்திக்கூடப் போகவில்லை. இன்று என்னாலும் அதைச் செய்ய முடியும். எந்த அடைப்பில் முட்டை கிடக்கிறது, எதற்குப் பல ஆண்டு பயிர் வைத்து ஓய்வு தர வேண்டும் என்று மட்டும் தெரிய வேண்டும்.

பெரிய அறிக்கை எதுவும் வேண்டாம். தேதி, எத்தனை பன்றியில் எத்தனை ஈரலில் திட்டு, கொஞ்சமா நிறையவா. அவ்வளவுதான். நுரையீரலின் பின்னோரத்தில் புழு தென்பட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அது வேறு புழு, மண்புழு வழியாக வருவது, அதற்கு நான் பார்க்க வேண்டிய இடம் வேறு.

அடுத்த மாதம் அடுத்த தொகுதி வருகிறது. ஒவ்வொரு பன்றியும் எந்த அடைப்பில் வளர்ந்தது என்று சீட்டில் எழுதி அனுப்புகிறேன். பக்கத்தில் நீங்கள் எழுத இடம் விட்டிருப்பேன்.