ஆண்டறிக்கை: எடைக் குழுவும் சர்க்கரைக் கண்காணிப்பும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மனச்சிதைவு, இருதுருவ நோய் போன்றவற்றோடு வாழ்பவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை முன்வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எடையைக் கட்டுக்குள் வைக்க வாரந்தோறும் கூடும் எடைக் குழுவைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன். நிர்வாகக் குழுவில் அதிகம் வாதம் நடந்ததும் அதைப் பற்றித்தான்.

மனநலச் சங்கத்துக்கு எடைக் கருவி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கடும் மனநோய் உள்ளவர்களின் ஆயுள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் குறைகிறது. அதற்குப் பெரிய காரணம் இதயநோய் போன்ற உடல் நோய்கள். சர்க்கரை நோயும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. மனநோய்க்குத் தரும் ஒலான்சபின், குளோசபின் போன்ற மாத்திரைகள் பசியைக் கிளப்பி எடையை ஏற்றிவிடும். முதல் சில மாதங்களில் இந்த ஏற்றம் வேகமாக இருக்கும். அதனால் "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று திட்டுவதை நிறுத்தச் சொல்லி வீட்டாரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டோம். எடைக்குப் பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. மாத்திரையை மாற்றலாமா, சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நாலு வகுப்பு எடுத்து ஒரு கையேடு கொடுத்தால் போதாதா என்பதே வாதம். இங்கிலாந்தில் 414 பேரிடம் நடந்த ஸ்டெப்வைஸ் ஆய்வு கிட்டத்தட்ட அப்படித்தான் அமைந்தது: நான்கு வார வகுப்பு, பிறகு இடைவெளி விட்டுச் சில நினைவூட்டல் வகுப்புகள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் எடையில் வித்தியாசமே இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் நடந்து 2013இல் வெளியான அச்சீவ் ஆய்வு வேறு மாதிரி. அதில் 291 பேர், 18 மாதங்கள், குழு வகுப்போடு தனி ஆலோசனை, சேர்ந்து செய்யும் உடற்பயிற்சி. திட்டத்தில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட சராசரியாக 3.2 கிலோ கூடுதலாக இழந்தார்கள். பிரமிக்க வைக்கும் எண் இல்லைதான். ஆனால் நாள் போகப் போக இழப்பு கூடியது, அது முக்கியம். அதற்காக நீண்ட திட்டமெல்லாம் ஜெயித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. டென்மார்க்கில் ஓராண்டு தனிப் பயிற்றுநரை வைத்து நடத்திய சேஞ்ச் ஆய்விலும் பலன் தெரியவில்லை. கூட்டாகச் செய்வதில் ஏதோ இருக்கிறது என்பது என் சொந்த எண்ணம். நிர்வாகக் குழுவில் எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, கடைசியில் வாரந்தோறும் தொடர்வது என்று முடிவானது. விதிகளைக் கொஞ்சமாகவே வைத்தோம்: இனிப்பு பானங்களை விடுவது, தட்டில் அளவாக வைப்பது, காய்கறியைக் கூட்டுவது, சேர்ந்து நடப்பது. மருந்து மயக்கத்தில் காலையில் எழ முடியாதவர்கள் பலர் என்பதால் நடையை மாலைக்கு மாற்றினோம். அப்புறம்தான் கூட்டம் நிலைத்தது. எடை குறையாதவர்களும் வருகிறார்கள், பேச ஆள் கிடைக்கிறது என்கிறார்கள். அதையும் பலன் என்றே எழுதிக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு பின்தங்கியது பரிசோதனைதான். புது மாத்திரை தொடங்கும்போது எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சர்க்கரையை மூன்றாம் மாதமும், பிறகு ஆண்டுதோறும் திரும்பப் பார்க்க வேண்டும். மனநல மருத்துவர் பொது மருத்துவரைக் கைகாட்டுகிறார், அவர் இவரைக் கைகாட்டுகிறார். நடுவில் சீட்டு எழுத ஆளில்லை.

எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு அட்டை கொடுத்து, இரு மருத்துவரிடமும் அதையே காட்டச் செய்வது என்ற தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். மாலை நடைக்குத் துணைவர இன்னும் சிலர் தேவை. முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்