"டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?" – வரலாற்று வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வினாத்தாள் குழுவினருக்கு,

வணக்கம். உயர்நிலை வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவள் நான். வரலாற்றைப் புதுமையாகக் கற்பிப்பது எப்படி என்று எங்களுக்குப் பயிற்சி முகாம்கள் நிறையவே நடக்கின்றன. போகிறோம், குறிப்பு எடுக்கிறோம், சான்றிதழோடு திரும்பி வருகிறோம். அப்புறம் போர்ஷனை முடிக்க வேண்டுமே என்று பழையபடி பாடப்புத்தகத்தில் அடிக்கோடு போடச் சொல்கிறோம். எங்கள் சோம்பலும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாதிக் காரணம் உங்கள் மேசையில் இருக்கிறது.

ஒரு நாள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பாடப்புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுத் துப்பறியும் கதை மாதிரி ஒன்றைத் தொடங்கினேன். 1950 மே மாதம், டென்மார்க்கில் சில்கபோர்க் நகருக்குப் பக்கத்தில் ஒரு சதுப்பு நிலம். அடுப்பெரிப்பதற்காக அங்கே 'பீட்' என்ற எரியக்கூடிய சதுப்பு மண்ணை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓர் ஆணின் உடலைக் கண்டார்கள். முகத்தில் இரண்டு நாள் தாடி போல முடி, தலையில் தோல் தொப்பி, கழுத்தில் தோலால் பின்னிய சுருக்குக் கயிறு. யாரையோ கொன்று புதைத்திருக்கிறார்கள் என்று பயந்து போலீஸுக்குச் சொன்னார்கள். அந்த உடலுக்கு வயது ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் என்று பிறகுதான் தெரிந்தது. சதுப்பு நீரின் அமிலமும் குளிரும் காற்றில்லாமையும் தோலைக்கூட அழியவிடாமல் காப்பாற்றியிருந்தன. டோலுண்ட் மனிதன் என்று அவரை அழைக்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரேயடியாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடயமாகக் கொடுத்தேன். கயிற்றைச் சொன்னதும் "திருடன், தூக்கில் போட்டுட்டாங்க" என்று கடைசி பெஞ்ச் தீர்ப்பு எழுதிவிட்டது. வயிற்றில் இருந்தது தானியக் கஞ்சி என்றேன். "அப்போ ஏழை." கண்ணும் வாயும் மூடியிருந்தன, தூங்குகிறவர் போல ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள் என்றேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள். "திருடனைத் தூக்கில் போட்டவங்க எதுக்கு டீச்சர் கண்ணை மூடிவிட்டுப் படுக்க வைக்கணும்?" என்று கேட்டாள். அடுத்த இருபது நிமிடம் எனக்கு வேலையே இல்லை. தண்டனையா, பலியா என்று அவர்களே வாதாடினார்கள். தெய்வத்துக்கான பலியாக இருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள் என்று கடைசியில் சொன்னேன். "இருக்கலாம்னா?" என்று விடாமல் கேட்டாள் அந்தப் பெண்.

அப்போதுதான் ஒரு பையன் கை தூக்கினான். "டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?"

வராது என்றேன். நோட்டுகள் மூடப்பட்டன. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள்தான் வகுப்பில் இல்லை.

இந்தப் பாடம் என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. 1972-இல் இங்கிலாந்தில் தொடங்கிய பள்ளி வரலாற்றுத் திட்டம், 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு 'வரலாறு என்றால் என்ன' என்று அறிமுகம் செய்ய டோலுண்ட் மனிதனைத்தான் பயன்படுத்தியது. அவர்கள் பாடத்தை மாற்றியதோடு நிற்கவில்லை, தேர்வையும் சேர்த்து மாற்றினார்கள். மாணவர் முன்பின் பார்த்திராத சான்றுகளைக் கொடுத்து, இவற்றிலிருந்து என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது என்று கேட்டார்கள். நம் முகாம்களில் இந்தப் பாதியை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சான்றைப் படிப்பது தானாக வருகிற திறமை என்று நினைக்கலாம். வருவதில்லை. சாம் வைன்பர்க் என்ற ஆய்வாளர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வரலாற்றறிஞர்களிடமும் எட்டுப் பள்ளி மாணவர்களிடமும் ஒரே ஆவணங்களைக் கொடுத்தார். அறிஞர்கள் முதலில் தேடியது யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதை. மாணவர்கள், அதுவும் நன்றாகப் படிக்கிறவர்கள், முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை பாடப்புத்தகத்தைப் போலப் படித்துக்கொண்டு போனார்கள். கைப்பேசியில் வருகிற வதந்தியையும் பிள்ளைகள் இப்படித்தான் படிக்கிறார்கள். பெரியவர்களும்தான்.

அவர் கொடுத்த ஆவணங்கள் லெக்சிங்டன் மோதலைப் பற்றியவை. 1775 ஏப்ரல் 19 விடியற்காலை, அமெரிக்கக் குடியேற்ற நாட்டு மக்களும் பிரிட்டிஷ் படையும் அங்கே மோதிக்கொண்டதில் முதல் குண்டைச் சுட்டது யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. இப்போது நீங்கள் இதை எப்படிக் கேட்பீர்கள்? 'லெக்சிங்டன் மோதல் நடைபெற்ற ஆண்டு எது?' ஒரு மதிப்பெண்.

நான் இப்படிக் கேட்பேன். சான்று ஒன்று: ஆறு நாள் கழித்து உள்ளூர்ப் படையினர் 34 பேர் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம். கலைந்து போய்க்கொண்டிருந்த எங்களைச் சுட்டார்கள் என்கிறது அது. சான்று இரண்டு: பார்க்கர் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் நாட்குறிப்பு. அவர்கள்தான் ஓரிரு குண்டுகள் சுட்டார்கள், உடனே நம் ஆட்கள் உத்தரவில்லாமலேயே பாய்ந்து சுட்டுவிட்டார்கள் என்கிறது. எதை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஐந்து மதிப்பெண்.

என் மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். 'பார்க்கர் தன் ஆட்கள் கட்டுப்பாடு இழந்ததை ஒப்புக்கொள்கிறார், தன் பக்கத்துக் குறையைச் சொல்கிறவரை அந்த விஷயத்திலாவது நம்பலாம்' என்று எழுதியிருந்தான் ஒருவன். ஆண்டுகளை எப்போதும் தப்பாக எழுதுகிற பையன் அவன்.

இதற்காக ஆண்டுகளே வேண்டாம் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. ரோமப் பேரரசின் மேற்குப் பகுதியைக் கான்ஸ்டன்டைன் மன்னர் போப்புக்கு எழுதிக் கொடுத்ததாக ஒரு பத்திரம் நூற்றாண்டுக் கணக்கில் செல்லுபடியானது. அது போலி என்று லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் 1440-இல் நிரூபித்தார். கான்ஸ்டன்டைன் வாழ்ந்த 4-ஆம் நூற்றாண்டு ரோமில் புழங்காத 'சத்ராப்' (பாரசீக மாகாண ஆளுநர்) போன்ற சொற்கள் அதில் இருந்ததை அவர் பிடித்துவிட்டார். எந்தக் காலத்தில் எந்தச் சொல் என்று தெரியாதவரால் அது முடியுமா? தகவல் வேண்டும். அதை வைத்து எதையாவது செய்யவும் விட வேண்டும்.

புவியியலிலும் இதே கதைதான். 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் வரைந்த முறையிலான உலகப் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. 'ஆப்பிரிக்காவைக் குறிக்க' என்பதற்குப் பதில், இந்தப் படம் ஏன் இப்படிக் காட்டுகிறது என்று கேளுங்கள்.

புதுமை என்ற பெயரில் வருகிற எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டவும் மாட்டேன். இறந்துபோன மன்னர் கணினித் திரையில் பேசுகிறார் என்றால், அவர் வாயில் வருகிற சொற்களுக்கு யார் பொறுப்பு? நடித்துக் காட்டுவதிலும் எல்லை உண்டு. 1967-இல் கலிபோர்னியாவில் ரான் ஜோன்ஸ் என்ற ஆசிரியர், நாஜிகளுக்கு ஜெர்மானியர்கள் எப்படிப் பணிந்து போனார்கள் என்று புரியவைக்க வகுப்பையே ஓர் இயக்கமாக நடத்தினார். பிள்ளைகள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கிற அளவுக்குப் போய், ஐந்தாம் நாளே அதை அவர் நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு தாளும் ஒரு பேனாவும் போதுமான முறை இருக்கும்போது எனக்கு அது போதும்.

உங்கள் தயக்கம் தெரியும். ஆளுக்கொரு விடை எழுதினால் எப்படித் திருத்துவது? விடைக்குறிப்பை இப்படி வைக்கலாம். யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்று கவனித்திருந்தால் இரண்டு. இரு சான்றுகளும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று காட்டினால் இரண்டு. தன் முடிவுக்குச் சான்றிலிருந்தே காரணம் தந்தால் ஒன்று. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மதிப்பெண் குறையக் கூடாது. திருத்த நேரம் கூடுதலாகும், அது உண்மை. ஒரு வினா என்றால் சமாளிப்போம்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் கைடுகள்தான். நீங்கள் அறிவித்த மறு வருடமே 'சான்று வினா – விடைகள்' என்று அச்சடித்துவிடுவார்கள். 'இது ஒருதலைப்பட்சமானது, ஆகவே நம்ப முடியாது' என்ற ஒரே வரி எல்லா விடைத்தாள்களிலும் வரும். அதனால் பாடப்புத்தகத்தில் இல்லாத சான்றையே ஒவ்வொரு முறையும் கொடுங்கள். அந்த ஒற்றை வரிக்கு மதிப்பெண் கிடையாது என்று விடைக்குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

நான் கேட்பது வினாத்தாள் முழுவதையும் அல்ல. வினாத்தாள் அமைப்புத் திட்டமான ப்ளூ பிரிண்டில் ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் வினா. பொதுத்தேர்வில் உடனே முடியாதென்றால் இந்த ஆண்டு மாதிரித் தேர்விலாவது வையுங்கள். மூன்று மாதிரி வினாக்களை விடைக்குறிப்போடு தயாராக வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

அடுத்த மாதம் புது வகுப்புக்கு டோலுண்ட் மனிதனை மறுபடியும் எடுக்கப் போகிறேன். யாராவது ஒருவன் அதே கேள்வியோடு கை தூக்குவான். அவனுக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று அதற்குள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர்